மேடு பள்ளமான முகங்கள்

மாமி என்னிடம் முதல்முதலாகக் கேட்டது, "ஏண்டி பொண்ணே, உங்க ஊர்ல ஆம்பளைகள் பாக்க எப்படி இருப்பா?" என்பதுதான். அப்போது நான் அவருடைய இடது கையில் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் ஊசி, காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி மாதிரி இருக்காது. கோணி தைக்கிற ஊசியின் பருமன் இருக்கும். அது உள்ளே போகும்போது பலர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். சிலர் பெருமாளைக் கூப்பிடுவார்கள். மாமி இதைக் கேட்டார்.

"வையம்பட்டிப் பக்கம் மாமி. வெயில்ல நின்னு வேலை பாக்குறவங்க. கறுப்பா, கொஞ்சம் முரடா இருப்பாங்க."

"முரடுன்னா எப்படி? தாடை அகலமா இருக்குமோ?"

"அதெல்லாம் நான் பாத்ததில்லை மாமி."

"பாக்கணும்டி. பின்ன கண்ணு எதுக்கு?"

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நான் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்தேன். எட்டுப் படுக்கை, எட்டு மெஷின். படிப்பு முடித்து நேராகச் சேர்ந்த முதல் வேலை. எனக்கு இருபத்து மூன்று வயது, மாமிக்கு ஐம்பது ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி ஆட்டோவில் வருவார்கள், அவரும் அவருடைய கணவரும். மாமி எடை பார்க்க ஏறி நிற்பதற்கு முன் செருப்பைக் கழற்றுவார், கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், கடைசியில் கண்ணாடியையும் கழற்றி மாமாவிடம் கொடுப்பார். அப்படியும் முந்தின தடவையைவிட மூன்று கிலோ கூடியிருக்கும், எல்லாம் உடம்பில் தங்கின தண்ணீர். "ஒரு வாய் தண்ணி அதிகமாக் குடிக்கலைடி, பெருமாள் சத்தியமா" என்பார். தண்ணீர் விஷயத்தில் மாமி கூசாமல் பொய் சொல்வார். முகங்களைப் பற்றி மட்டும் அவருக்குப் பொய் சொல்ல வராது.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் வயிற்றின் மேல் ஒரு தலையணையை வைத்து அதில் போனைச் சாய்த்துக்கொள்வார். நான்கு மணி நேரமும் பாடகர்களைப் பார்ப்பார். ஆப்பரா என்ற சொல்லையே நான் மாமியிடம்தான் கேட்டேன். வசனம் இல்லாமல் முழுக்கப் பாடியே நடிக்கிற மேல்நாட்டு மேடை நாடகம் என்று சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தூங்குவார்களே என்று போனைப் பேசாமடந்தையாக வைத்திருப்பார். திரையில் வாட்டசாட்டமான ஒரு ஆள் மார்பை நிமிர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருப்பார். சத்தமே வராது.

"பாட்டு கேக்கலையா மாமி?"

"பாட்டுக்கு எங்காத்துல என்ன குறைச்சல்? விடிஞ்சா பாசுரம், சாயங்காலம் ஆனா கச்சேரி. காதுக்கு நிறையப் போட்டாச்சு. கண்ணுக்குத்தான் ஒருத்தரும் ஒண்ணும் போடலை."

அதிலும் எல்லாப் பாடகர்களையும் அவர் பார்க்க மாட்டார். கதாநாயகனாக வருகிறவர்களின் முகம் வெண்ணெய் என்று தள்ளிவிடுவார். அடிக்குரலில் பாடுகிற வில்லன், ராஜா, கொலைகாரன், பழிவாங்க வந்த தகப்பன், இவர்கள்தான் அவருக்கு வேண்டும். நாற்பது தாண்டியிருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கோணலாக, கன்னம் ஒட்டி, தாடையில் இரண்டு நாள் தாடியோடு இருக்க வேண்டும். "மூஞ்சின்னா மேடு பள்ளம் இருக்கணும்டி. மழை பேஞ்சா தண்ணி நின்னு நின்னு இறங்கணும்" என்பார். நான் சிரிப்பேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மாமாவும் சிரிப்பார்.

மாமாவின் முகத்தில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. வட்டமாக, வெள்ளையாக, பால்கோவா மாதிரி இருப்பார். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். மாமிக்கு உடம்பு வந்ததும் மத்தியானம் மட்டும் வேலைக்குப் போகிற மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டாராம். குளிர் எடுத்தால் போர்த்த ஒரு சால்வை, கால் இழுத்துக்கொண்டால் தேய்க்க ஒரு தைலம், எல்லாம் ஒரு துணிப்பையில் தயாராக வைத்திருப்பார். குழந்தைகள் இல்லை.

இந்தப் பார்வை எங்கே ஆரம்பித்தது என்று ஒரு நாள் நானே கேட்டேன். மாமி இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், அக்கா பெண்ணின் பிரசவத்துக்குத் துணையாக ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் இருந்திருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தப் பெண் இவரை ஓர் ஆப்பராவுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். மூன்றாவது வரிசை.

"ஒரு வார்த்தை புரியலை. தூங்கிடலாம்னு இருந்தேன். அப்பத்தான் அவன் வந்தான். மரத்தை வெட்டிப் போட்டாப்பல ஒரு ஆள். கன்னத்துல ஒரு தழும்பு, அது நிஜமோ வரைஞ்சதோ தெரியாது. வந்து நேரா எனக்கு எதிர்ல நின்னுண்டு பாடினான். எனக்கு நாப்பத்தி நாலு வயசு. அதுவரைக்கும் ஒரு ஆம்பளையை அரைமணி நேரம் கண்ணெடுக்காம பாத்ததே இல்லைடி நான். நம்மவாளை எங்க பாக்கறது? பாத்தா என்ன பார்வைம்பா. அங்க டிக்கெட் வாங்கிண்டு பாக்கலாம். பாத்துட்டுக் கைதட்டலாம். எல்லாரும் பாக்கறா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை."

மாமா அப்போதும் பக்கத்தில்தான் இருந்தார். "போறும்டி, அந்தப் பொண்ணு வேலையைப் பாக்கட்டும்" என்று சால்வையை இழுத்துவிட்டார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. போட்டோவை மாமியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்ல பையனா இருக்கலாம். மூஞ்சியில இன்னும் ஒண்ணும் நடக்கலை. பத்து வருஷம் போகட்டும், சொல்றேன்" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பையனைத்தான் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

பக்கத்துப் படுக்கையில் தொட்டியத்துக்காரர் ஒருவர் வருவார். வாழைத்தார் லாரி ஓட்டியவர். வாழைத் தோட்டத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்த மனிதரை பொட்டாசியம் ஏறிவிடும், ஒரு பழம் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏதோ விபத்தில் மூக்குத்தண்டு உடைந்து ஒரு பக்கமாக ஒட்டியிருந்தது. கறுத்து, வற்றி, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மாமி ஒரு நாள் அவரை எட்டிப் பார்த்து, "டிரைவர் சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்றார்.

அவர் பயந்துபோய்த் திரும்பினார்.

"நீங்க அந்த ஊர்ல பொறந்திருந்தா மேடையில நின்னிருக்கலாம். என்ன மூக்கு!"

"அட போங்கம்மா, இது உடைஞ்ச மூக்கு."

"உடைஞ்சதாலதான் சொல்றேன்."

அடுத்த தடவை டிரைவர் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்தார். வார்டே கவனித்தது. அதன் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்ததில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமா அந்தப் புரட்டாசி வாக்கில் சவரம் செய்வதை நிறுத்தினார். முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் நான் காரிடாரில் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மெதுவாக என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, இப்படி விட்டா கொஞ்சம் முரடாத் தெரியுமோ?"

"இன்னும் கொஞ்சம் வளரட்டும் சார்" என்றேன்.

கன்னத்தில் முடி திட்டுத் திட்டாகத்தான் வளர்ந்தது. கோயிலில் தெரிந்தவர்கள் வேண்டுதலா, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்களாம். மாமியின் உடம்புக்காகத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். மாமியிடமும் அதையே சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், மாமி போனிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்னா, வேண்டுதல் இருக்கட்டும். ஆனா அந்த மூஞ்சிக்கு இது ஒட்டவே இல்லை. தேங்காயை அரைகுறையா உரிச்சாப்பல இருக்கு."

வார்டு முழுவதும் சிரித்தது. வாரக்கணக்கில் சிரிக்காத ஆட்கள் எல்லாம் மெஷின் குழாய்கள் ஆட ஆடச் சிரித்தார்கள். அது வேண்டுதல் இல்லை என்று அந்த அறையில் மாமாவைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். திங்கட்கிழமை வழவழவென்று வந்தார். மோவாயில் பிளேடு கீறிய இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

கார்த்திகையில் டிரைவர் இறந்துபோனார். எங்கள் வார்டிலேயே, மெஷினில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கி, நாங்கள் எவ்வளவோ போராடியும் மீளவில்லை. நடுவில் திரையை இழுத்திருந்தோம். ஆனாலும் மாமிக்கு எல்லாம் கேட்டிருக்கும். டிரைவரின் மனைவி வந்து சுவரோரம் நின்றாள். அழக்கூட இல்லை. மாமி படுத்தபடியே கையை நீட்டி அவளைக் கூப்பிட்டார். "அழகான மனுஷன்மா உங்காத்துக்காரர்" என்றார். அந்தப் பெண் அப்போதுதான் வெடித்து அழுதாள். அப்படி ஒரு வார்த்தையை அவரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்குப் பிறகு மாமி போனைப் பார்ப்பது குறைந்தது. மாமாவுக்கும் மாமிக்கும் ஒரே ரத்தப் பிரிவு. முதல் மாதத்திலிருந்தே மாமா தன் கிட்னி ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமிதான், பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு வந்தார். இப்போது அவராகவே, "ஏன்னா, டெஸ்ட் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். மாமா முகம் மலர்ந்து எழுந்து நின்றதை நான் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. ஸ்கேன் மட்டும் பாக்கி என்றார்கள். தலைமைச் சிஸ்டர் மாமியிடம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று சொன்னார். மாமி அதைக் கதை கேட்பதுபோல இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. மாமிக்கு மெஷின் ஓட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மாமா முதல் மாடியில் டாக்டரைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் ரத்தம் ஏறிச் சிவந்து, தாடை இறுகியிருந்தது.

"நான் குடுக்கப் போறதில்லை" என்றார்.

மாமிக்குப் புரியவில்லை. "என்னன்னா?"

"கிட்னி. குடுக்கப் போறதில்லை. என்னை ஒண்ணும் கேக்காதே."

"டாக்டர் ஏதாவது..."

"கேக்காதேன்னேன்!"

அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. எட்டுப் படுக்கையும் திரும்பிப் பார்த்தது. அவர் விடுவிடென்று வெளியே போய்விட்டார். மாமி அழவில்லை. அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வாய் தண்ணி குடுடி" என்றார். கொடுத்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது எங்களுக்குள் அதே பேச்சுத்தான். "தாடியைப் பாத்துச் சிரிச்சாங்கல்ல, மனசுல வச்சிருந்திருக்காரு. பாருங்க, சாது மாதிரி இருந்துகிட்டு" என்றார் தலைமைச் சிஸ்டர். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. அவர் தாடி வளர்த்த காரணம் தெரிந்தவள் என்பதால் எனக்கு இன்னும் உறுதியாகவே தெரிந்தது. ஒரு சிரிப்புக்காகப் பெண்டாட்டியைச் சாக விடுகிற மனிதன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் அவர் மூன்று நாளும் தவறாமல் அழைத்து வந்தார். ஆனால் வார்டுக்குள் வர மாட்டார். காரிடாரில் ஒரு நாற்காலியில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் அந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். வேறு எதற்கும் தேவைப்படவில்லை, வேண்டுமென்றேதான் செய்தேன். அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலு மணி நேரமும், ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி. அந்த நாற்காலியை நான் திரும்ப வெளியே போடவே இல்லை.

மாமி பங்குனியில் ரொம்பவும் தளர்ந்துவிட்டார். இறந்தவர்களிடமிருந்து கிட்னி பெறும் பட்டியலில் பதிவு செய்திருந்தார்கள். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. படுத்தால் மூச்சு வாங்கியது, கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி வைத்து உட்கார்ந்த நிலையிலேயே மெஷினில் போட்டோம். கடைசி வெள்ளிக்கிழமை அவரால் போனைப் பிடிக்க முடியவில்லை. நான் எடுத்து, அவருக்குப் பிடித்த அந்தக் கோணல் மூக்குக்காரரைப் போட்டுக் காட்டினேன்.

"வேண்டாம், வை" என்றார். பிறகு, "அன்னிக்கு எங்காத்துக்காரர் வந்து நின்னாரே, மூஞ்சியைப் பாத்தியோ?" என்றார்.

"என்னைக்கு மாமி?"

"குடுக்க மாட்டேன்னாரே, அன்னிக்கு. தாடை எப்படி இறுகித்து! கண்ணு ரெண்டும் உள்ள போயி, நெத்தியில ஒரு நரம்பு. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல அப்படி ஒரு கோவம் நான் பாத்ததில்லைடி. நன்னா இருந்தார். ரொம்ப நன்னா இருந்தார்."

எனக்கு எரிச்சலாக வந்தது. "மாமி, அவரு உங்களுக்குத் தர மாட்டேன்னு சொன்னாரு!"

"ஆமா, அதான் சொன்னார். நான் மூஞ்சியைப் பாத்துண்டிருந்தேன்."

"அவர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

மாமி மூச்சு வாங்கிக்கொண்டார். "சொன்னா சிரிச்சுடுவார். அப்புறம் பழைய மூஞ்சி வந்துடும்" என்றார்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வருகிற அந்த நீண்ட இடைவெளிதான் இந்த நோயாளிகளுக்குக் கண்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே மாமி போய்விட்டார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவருடைய படுக்கைக்கு வேறொருவரை எழுதியிருந்தார்கள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து மாமா ஒரு நாள் வந்தார். மாமிக்கு ரத்தம் ஊறுவதற்காகப் போடுகிற ஊசி மருந்து நாலு மிச்சம் இருந்ததாம். கெட்டுப்போகாமல் ஐஸ் கட்டி வைத்த டப்பாவில் கொண்டுவந்திருந்தார். "வாங்க முடியாதவா யாருக்காவது போட்டுடுங்கோ" என்றார். நான் டப்பாவை வாங்கி வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"கொடுக்க வேண்டியப்ப கொடுத்திருந்தா இதைக் கொண்டுவர வேண்டியிருந்திருக்காது சார்."

அவர் தலையை ஆட்டினார். மறுப்பதுபோலவும் இல்லை, ஒப்புக்கொள்வதுபோலவும் இல்லை. காரிடாரில் யாரும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஸ்கேன்ல எனக்கு வலது கிட்னி சுருங்கிப் போயிருக்குன்னா. பொறப்புலேயேயாம். இருக்கறது இடது ஒண்ணுதான். எடுக்கவே முடியாதுன்னுட்டார் டாக்டர். அவகிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுண்டேன்."

"சொல்லியிருக்கலாமே சார்? மாமி உங்களைத் தப்பாவா நினைச்சிருப்பாங்க?"

"தப்பா நினைக்க மாட்டா. பாவம்னு நினைப்பா." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ என்னைப் பாவம்னுதான் பாத்துண்டிருந்தா. கடைசியில இந்த உடம்பும் உபயோகமில்லைன்னு போய் நிக்கணுமா? கோவக்காரன், பிடிவாதக்காரன், குடுக்க மாட்டேன்னுட்டான்னு நினைச்சுண்டு போகட்டும்னு இருந்துட்டேன். அது தப்புதான். இப்பத் தெரியறது. எனக்காகக் காத்திண்டிருந்திருப்பா, மனசு மாறுவேன்னு."

"இல்லை சார்" என்றேன். மாமி கடைசி வெள்ளிக்கிழமை சொன்னதை அவரிடம் சொன்னேன். தாடை, கண், நெற்றி நரம்பு, எதையும் விடாமல் அவர் சொன்னபடியே சொன்னேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமா?" என்றார். "கோவம் எங்கம்மா வந்துது எனக்கு? பயந்துண்டுன்னா நின்னுண்டிருந்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டு மாடிப்படி ஏறினப்பவே ரெண்டு முழங்காலும் ஆட ஆரம்பிச்சுடுத்து. விழுந்துடுவேனோன்னு கட்டில் கம்பியைப் பிடிச்சுண்டேன். அழுதுடப் போறேன்னு பல்லைக் கடிச்சுண்டேன்."

உள்ளே ஏதோ ஒரு மெஷின் கத்தத் தொடங்கியது. இன்னொரு டெக்னீஷியன் ஓடுவது தெரிந்தது. நான் போகவில்லை.

"என்ன சொன்னா? அவ சொன்ன வார்த்தையை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்றார்.

"நன்னா இருந்தார்னாங்க. ரொம்ப நன்னா இருந்தார்னாங்க."

அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.